கரையில் யாரும் காத்திருக்கவில்லை

புலம்பெயர் இலக்கியம் பற்றிய ஒரு கருத்தரங்கு. இரண்டாம் நாள் பிற்பகல் அமர்வு, சாப்பிட்ட மயக்கத்தில் பாதி அரங்கு கண் சொருகிக் கிடந்தது. மூத்த பேராசிரியர் ஒருவர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குடியேறிய போர்த்துக்கீசிய மீனவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நல்ல தயாரிப்புதான், குறை சொல்ல மாட்டேன். அசோரஸ் தீவுகள், திமிங்கில வேட்டைக் கப்பல்கள், மசாசூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்ஃபோர்ட் துறைமுகம், மொழிபெயர்க்கவே முடியாது என்று சொல்லப்படும் ‘சவுதாத்’ என்கிற ஏக்கம் எல்லாம் வந்தன. கடைசியில் நம் நெய்தல் திணையையும் கொண்டுவந்து ஒட்டினார். இரங்கல்தான் உரிப்பொருள், கடற்கரை எங்கும் ஒன்றுதான் என்றார்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். “ஐயா, இந்த வீடுகளில் ஒரு பெண்பிள்ளையும் வளர்ந்திருப்பாளே. அவள் உங்கள் கட்டுரையில் எங்கே இருக்கிறாள்?”

அவர் சிரித்தார். “அவள் கரையில் காத்திருக்கிறாள் அம்மா. அதுதானே நெய்தல்!”

கைதட்டல். தூங்கிக்கொண்டிருந்தவர்களும் விழித்துக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

நெய்தல் கணக்கை முதலில் தீர்த்துவிடலாம். நற்றிணையின் 45ஆம் பாடலைப் புரட்டிப் பாருங்கள். தேரேறி வந்து நிற்கிற பெரிய இடத்துப் பையனிடம் தோழி பேசுகிறாள். இவள் மீன்பிடிக்கிற பரதவர் மகள். அறுத்த சுறாவைக் காயப்போட்டுப் பறவை விரட்டிக்கொண்டிருக்கிறோம். எங்கள் மேல் புலால் நாறும். தள்ளி நில் என்கிறாள். அந்த இரண்டு பெண்களும் வேலையில் இருக்கிறார்கள். வேலைக்கு நடுவே வந்தவனைத்தான் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். இந்தப் பாட்டை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிற நாம்தான், கடற்கரைப் பெண் என்றதும் அவளைக் கொண்டுபோய்த் தாழைப் புதருக்குப் பக்கத்தில் கண்ணீரோடு நிறுத்திவிடுகிறோம்.

இப்போது நியூ பெட்ஃபோர்ட். திமிங்கிலக் கப்பல்கள் அசோரஸில் நின்று ஆள் எடுத்துக்கொண்டு போனதால் 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே போர்த்துக்கீசியத் தெருக்கள் உருவாகிவிட்டன. திமிங்கில எண்ணெய்க்கு மவுசு போனபிறகு ஊர் பஞ்சாலை நகரமானது. அசோரஸிலிருந்தும் மதேய்ராவிலிருந்தும் வந்த குடும்பங்களின் ஆண்களோடு பெண்களும் பிள்ளைகளும் ஆலைக்குள் போனார்கள். 1928 ஏப்ரலில் முதலாளிகள் கூலியில் 10 சதவீதத்தை வெட்டியபோது சுமார் 30,000 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆறு மாதம் நீடித்த அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர்களில் யூலா மெண்டிஸ் என்ற இளம்பெண்ணும் ஒருவர். போர்ச்சுகலில் பிறந்து, சிறுமியாக வந்து, ஆலையில் வேலை பார்த்தவர். பின்னாளில் கம்யூனிஸ்ட் என்று சொல்லி நாடு கடத்தும் மிரட்டல் வந்து, அமெரிக்காவை விட்டே போக வேண்டியதாயிற்று. பேராசிரியரின் கட்டுரையில் திமிங்கிலத்துக்கு இரண்டு பக்கம் இருந்தது. யூலா மெண்டிஸுக்கு ஒரு வரிகூட இல்லை.

1957இல் அசோரஸின் ஃபயால் தீவுக்கருகே கடலுக்குள்ளிருந்து கேப்பலின்யோஸ் எரிமலை வெடித்தது. வீடும் வயலும் சாம்பலுக்கடியில் போயின. அவர்களுக்காக 1958இல் அமெரிக்கா தனிச் சட்டம் இயற்றியது; அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அன்று மசாசூசெட்ஸின் செனட்டராக இருந்த கென்னடி. 1965இன் குடியேற்றச் சட்டம் கதவை இன்னும் அகலமாகத் திறந்தது. பெரிய அலை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த அலையில் வந்த குடும்பங்களின் மகள்கள் எழுதிய நினைவுக்குறிப்புகளையும் கொடுத்த வாய்மொழி வரலாறுகளையும் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். ஊரும் பெயரும் மாறினாலும் ஒரு பிள்ளையின் நாள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது.

எட்டு வயதில் அவள் மொழிபெயர்ப்பாளர். அம்மாவுக்கு மாதவிடாய் நிற்காமல் போவதை மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவள் அவள். அந்த நோயின் பெயர் அவளுக்கு எந்த மொழியிலும் தெரியாது. வீட்டு வாடகைக்காரரிடம் தவணை கேட்பது, தன்னைப் பற்றியே ஆசிரியை எழுதியனுப்பிய குறையை அப்பாவுக்குப் படித்துக் காட்டுவது எல்லாம் அவள்தான். (இந்த இடத்தில் கொஞ்சம் திருத்திப் படித்ததைப் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். மொழிபெயர்ப்புக் கோட்பாடு பேசுகிறவர்கள் இந்தப் பிள்ளைகளிடம் பாடம் கேட்கலாம்.) பதினாறு வயதில் பள்ளியை விட்டுத் தையல் ஆலைக்கோ மீன் வெட்டும் கூடத்துக்கோ போனவர்கள் ஏராளம். சம்பள உறையைப் பிரிக்காமல் அப்பா கையில் கொடுக்க வேண்டும். தம்பி துணையில்லாமல் கடற்கரைக்குப் போகக் கூடாது. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் கடல் இருக்கும். கோடையில் வெளியூர்க்காரர்கள் கார் போட்டு வந்து குளித்துவிட்டுப் போவார்கள். இவளுக்கு அது ஜன்னல் வழியாக வரும் வாடை.

வருடத்துக்கு ஒருநாள் தூய ஆவியின் திருவிழா. அரசி இசபெல்லின் நினைவில் ஒரு சிறுமிக்கு வெள்ளை உடுப்பும் வேலைப்பாடு செய்த நீண்ட மேலாடையும் போட்டுக் கிரீடத்தோடு தெருவில் கூட்டிப்போவார்கள். இறைச்சியும் ரொட்டியும் போட்ட சூப் ஊருக்கெல்லாம் ஊற்றப்படும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்தச் சூப்புக்கு முந்தின இரவெல்லாம் வெங்காயம் உரித்தது யார் என்று மட்டும் நான் கேட்பேன்.

குளோஸ்டர் என்று இன்னொரு மீன்பிடி ஊர், அதே கரையில் வடக்கே. அங்கே போர்த்துக்கீசியர்கள் கட்டிய நற்பயண மாதா கோவிலின் உச்சியில் ஒரு சொரூபம் நிற்கிறது. மாதா இடது கையில் பிள்ளையை ஏந்துவதுபோல ஒரு பாய்மரக் கப்பலை ஏந்தியிருக்கிறாள். ஆண்கள் ஏறிப்போகும் கப்பலையும் ஒரு பெண்தான் இடுப்பில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இவ்வளவு வெளிப்படையாக வேறு யாரும் செய்துவைத்ததில்லை. மூன்று பேராசிரியர்கள் சேர்ந்து எழுதினாலும் சவுதாத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் வராது. ஏங்குவதற்கு நேரம் வேண்டும். தனியாக உட்கார ஒரு இடம் வேண்டும். அந்த வீடுகளில் இரண்டும் அப்பாவுக்குத்தான் இருந்தன. அவர் தீவை நினைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது அம்மா இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் கொண்டுவந்த பெட்டியில் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சலாசரின் போர்ச்சுகலில் 1969 வரை கணவனின் அனுமதி இல்லாமல் மணமான பெண் வெளிநாடு போக முடியாது. மனைவிக்கு வரும் கடிதத்தைக் கணவன் பிரித்துப் படிக்கலாம்; அந்த உரிமை 1976இல்தான் ஒழிந்தது. மரியா இசபெல் பரேனோ, மரியா தெரேசா ஓர்த்தா, மரியா வெல்யோ த கோஸ்தா என்ற மூன்று பெண்கள் சேர்ந்து 1972இல் ‘புதிய போர்த்துக்கீசியக் கடிதங்கள்’ என்ற நூலை வெளியிட்டபோது அரசு அதைத் தடைசெய்து, ஒழுக்கக்கேடு என்று அவர்கள்மேல் வழக்குப் போட்டது. 1974 ஏப்ரல் 25இல் புரட்சி வந்ததால் தப்பித்தார்கள். 1976இன் அரசியலமைப்பு ஆணும் பெண்ணும் சமம் என்றது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் கணவனே குடும்பத் தலைவன் என்ற சட்டமும் போயிற்று.

ஆனால் 1966இல் கப்பலேறியவரின் வீட்டுக்குள் 1966ஆம் ஆண்டின் சட்டமே நடந்துகொண்டிருந்தது. விட்டுவந்த ஊர் மாறியதை நம்ப அவருக்கு மனம் வரவில்லை. “நம்ம ஊரில் இப்படியெல்லாம் கிடையாது” என்று அவர் மகளிடம் சொன்ன அந்த ஊர் அப்போது எங்குமே இல்லை, அவர் வீட்டைத் தவிர. நம் புலம்பெயர் குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பேராசிரியர் தவிர்த்துவிட்டுப் போன இடத்துக்கு இப்போது வருகிறேன். 1983 மார்ச் 6. நியூ பெட்ஃபோர்டில் ‘பிக் டான்ஸ்’ என்கிற மதுக்கடை. 21 வயதுப் பெண் ஒருத்தி, இரண்டு குழந்தைகளின் தாய், சிகரெட் வாங்க உள்ளே போனாள். வேறு ஆட்கள் இருக்கும்போதே அங்கிருந்த பில்லியர்ட்ஸ் மேசையின்மேல் போட்டு அவளை வன்புணர்ந்தார்கள். தப்பித்து அரைகுறை ஆடையோடு தெருவுக்கு ஓடிவந்து ஒரு வண்டியை நிறுத்தினாள். அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. தொலைக்காட்சி அதை ஏற்கெனவே உலகத்துக்கே சொல்லிவிட்டது. அவள் சாட்சி சொன்ன விசாரணை நேரலையில் ஓடியது.

குற்றம் சாட்டப்பட்ட ஆறு பேரும் போர்த்துக்கீசியக் குடியேறிகள். உடனே வானொலி நிகழ்ச்சிகளுக்குத் தொலைபேசியில் அழைத்தவர்கள் ‘இந்தப் போர்த்துக்கீசியர்களையெல்லாம் கப்பலேற்றி அனுப்புங்கள்’ என்று பேசினார்கள். ஒரு நூற்றாண்டாக ஆலையிலும் மீன் கூடத்திலும் முதுகொடிந்த சமூகம் ஒரே இரவில் வன்புணர்வுச் சமூகம் என்று பெயர் வாங்கியது. அந்த இனவெறுப்பு உண்மை. பெண்ணியம் பேசுகிற நாம் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகக் கூடாது. ஆறு வெள்ளை ஆங்கிலேயக் குடும்பத்துப் பையன்கள் செய்திருந்தால் அவர்களது பாட்டனாரின் தேசத்தை யாரும் இழுத்திருக்க மாட்டார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாதது. 1984 மார்ச்சில் நான்கு பேர் குற்றவாளிகள், இரண்டு பேர் விடுதலை என்று தீர்ப்பு வந்தது. ஃபால் ரிவரிலும் நியூ பெட்ஃபோர்டிலும் ஆயிரக்கணக்கான போர்த்துக்கீசியர்கள் மெழுகுவர்த்தி ஏந்தி ஊர்வலம் போனார்கள், தண்டனை பெற்றவர்களுக்காக. இதே ஊரில் முந்தின ஆண்டு அந்தப் பெண்ணுக்காகவும் மெழுகுவர்த்தி ஏந்தியிருந்தார்கள். இந்த ஊர்வலத்தில் பெண்கள் ஏராளமாக நடந்தார்கள், அம்மாக்கள், பாட்டிகள். அந்நேரத்தில் மதுக்கடையில் அவளுக்கு என்ன வேலை, பிள்ளைகளை வீட்டில் போட்டுவிட்டு ஏன் போனாள் என்று கேட்டார்கள்.

அவளும் போர்த்துக்கீசிய வம்சாவளிதான். வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞர் ரொனால்ட் பீனாவும் போர்த்துக்கீசிய வம்சாவளி. ஆனாலும் ‘எங்கள் சமூகம்’ என்று ஊர்வலத்தில் சொன்னபோது அந்தச் சொல்லுக்குள் ஆறு ஆண்கள் இருந்தார்கள், அவள் இல்லை. சமூகவியலாளர் லின் சான்சர் இந்த முன்னும் பின்னும் பற்றி 1987இல் ஆய்வுக்கட்டுரையே எழுதினார். ஒடுக்கப்பட்ட சமூகம் தன் மானத்தைக் காக்கக் கிளம்பும்போது முதலில் யாரைக் கணக்கிலிருந்து அடிக்கிறது என்று அறிய விரும்பும் மாணவிகள் அங்கிருந்து தொடங்கலாம்.

அவள் ஊரை விட்டுப் போனாள். 1986இல் ஃபுளோரிடாவில் கார் விபத்தில் இறந்தாள். 1988இல் ‘தி அக்யூஸ்ட்’ என்ற படம் வந்தது. நடித்த ஜோடி ஃபாஸ்டருக்கு ஆஸ்கர் கிடைத்தது. கதையை அமெரிக்காவின் மறுகோடிக் கரைக்கு நகர்த்திவிட்டார்கள், போர்த்துக்கீசியர் யாரும் அதில் இல்லை. சமூகத்துக்கு அவப்பெயர் வராமல் காப்பாற்றியாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் வளர்ந்த பெண்ணைக் காப்பாற்ற யாரும் இல்லாததும் அதோடு சேர்ந்து காணாமல் போயிற்று.

அமெரிக்கக் கரைக்குப் போய் நியாயம் பேச உனக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். என் அப்பாவின் பெயருக்குப் பின்னால் இருப்பது ஒரு போர்த்துக்கீசியப் பெயர். 1530களில் முத்துக்குளித்துறைக்கு வந்து எங்கள் பாட்டன்மாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கூடவே கொடுத்துவிட்டுப் போனது. இங்கே ஆள வந்தார்கள், அங்கே கூலிக்குப் போனார்கள், இரண்டும் ஒன்றல்ல. வீட்டுக்குள் விட்டுப்போன சொற்களை மட்டும் பாருங்கள்: ஜன்னல், சாவி, அலமாரி, கிராதி. ஒரு பெண்ணை உள்ளே வைக்கத் தேவையான தளவாடம் முழுவதும் இருக்கிறது. பிள்ளை வளர்க்க ஆயாவும் அதே கப்பலில் வந்தவள்தான். அகராதியில் இந்தச் சொற்களை முதன்முதலாக வரிசையாகப் பார்த்த நாளில் சிரித்துவிட்டேன்.

ஆனால் நான் பேசுவது பெயரை வைத்து அல்ல. எனக்குப் பதினான்கு வயது இருக்கும்போது எங்கள் ஊரில் ஒரு பிள்ளை இருந்தாள், என்னைவிட மூன்று வயது மூத்தவள். இறால் கம்பெனிக்கு உரிக்கப் போவாள். கம்பெனி வேன் இறக்கிவிடும் இடத்திலிருந்து வீட்டுக்கு இருட்டில் நடந்துவர வேண்டும். ஒருநாள் இரண்டு பேர் அவளை மறித்தார்கள். ஊரில் செல்வாக்கான வீட்டுப் பிள்ளைகள். அவளும் அவள் அம்மாவும் ஊர்க் கமிட்டிக்குப் போகாமல் நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்விட்டார்கள். அதுதான் குற்றம்.

அன்று சாயங்காலம் ஊர்ப் பெண்கள் அவள் வீட்டு முன்னால் கூடினார்கள். ஆண்கள் வரவில்லை, அவர்கள் வரத் தேவையே இருக்கவில்லை. “ஏற்கெனவே வெளியூர்க்காரன் கடக்கரைக்காரன்னா ரவுடின்னுதான் பேசுதான், நீ வேற போயி எழுதிக் குடுத்துட்டியா?” என்று கேட்டார்கள். “அந்நேரம் அவ ஏன் ஒத்தைல வந்தா?” என்றார்கள். வேன் அந்நேரத்துக்குத்தான் வரும் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். பாதிப் பேரின் பிள்ளைகள் அதே வேனில்தான் வந்தார்கள். என் அம்மாவும் அங்கே நின்றார். அம்மாவின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். யாரோ ஒரு கெட்ட வார்த்தையை ஆரம்பித்தார்கள். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. நானும் சொன்னேன். அந்த வார்த்தைக்கு முழு அர்த்தம் அப்போது எனக்குத் தெரியாது என்று இத்தனை நாளும் சொல்லிவந்தேன். தெரியும்.

வீட்டுக்கு வந்து அம்மா அடுப்பைப் பற்றவைக்கும்போது, “நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா ஊரு வேணும்லா” என்றார். ஃபால் ரிவர் தெருவில் மெழுகுவர்த்தியோடு நடந்த ஏதோ ஒரு அம்மாவும் தன் மகளிடம் இப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். வெளியே அடிக்கிறவன் இருக்கும்போது உள்ளே அடிக்கிறவனைக் காட்டிக்கொடுக்காதே என்று அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்த அம்மாவை என்னால் வெறுக்க முடியவில்லை. அவள் சொன்னதை ஏற்கவும் மாட்டேன். ஆபத்து வந்தபோது ஊர் யாருக்கு வந்தது? ஆறு பேருக்கு வந்தது. இரண்டு பேருக்கு வந்தது. மகளுக்கு எப்போது வந்திருக்கிறது?

நம் கவிஞர்களிடமும் ஆய்வாளர்களிடமும் எனக்கு இருக்கும் சண்டை இதுதான். காத்திருக்கும் பெண் என்ற அந்தப் படிமம் ஒன்றும் பாவப்பட்ட அலங்காரம் இல்லை, அது வேலை செய்கிறது. காத்திருப்பவளுக்கு ஆண்கள் வெளியே, கடலில் இருக்கிறார்கள். ஆபத்தும் கடலில் இருக்கிறது. கரையும் தெருவும் வேன் நிற்கும் இடமும் அந்தப் படத்தில் பத்திரமானவையாக ஆகிவிடுகின்றன. அங்கே அவளுக்கு ஏதாவது நடந்தால் அதைச் சொல்ல அந்தத் திணையில் இடமே இருக்காது. கட்டுரைக்கும் நோகாது, ஊருக்கும் நோகாது.

மசாசூசெட்ஸிலேயே பிராவின்ஸ்டவுன் என்ற ஊரில், மீன்பிடித் துறையின் கட்டடம் ஒன்றின்மேல், 2003இல் ஐந்து போர்த்துக்கீசியப் பெண்களின் பெரிய கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்தார்கள். நோர்மா ஹோல்ட் எடுத்தவை. எல்லாரும் வயதானவர்கள். ‘அவர்களும் கடலை எதிர்கொண்டார்கள்’ என்று அதற்குப் பெயர். சுருக்கம் விழுந்த முகங்கள் நேராகத் துறைமுகத்தைப் பார்க்கின்றன. ஒரு கண்ணிலும் கண்ணீர் கிடையாது. இந்தப் படங்களைக் கணினியில் காட்டியபோது என் வகுப்பு மாணவி ஒருத்தி, “மேடம், கணக்குக் கேக்குற மாதிரி பாக்குறாங்க” என்றாள். அவளை ஆய்வுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

கருத்தரங்கக் கட்டுரைகள் தொகுப்பாக வந்துவிட்டன. பேராசிரியர் கடைசிப் பத்தியைக் கொஞ்சம் வளர்த்திருக்கிறார். ‘கரையில் காத்திருக்கும் தலைவி’ அதில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். கேள்வி கேட்டது யார் என்பது இல்லை.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அந்தப் பிள்ளையின் அம்மா இப்போது சந்தையில் கருவாடு விற்கிறார். வழக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும், ஒன்றும் ஆகவில்லை. அவள் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டாள், திரும்பி வரவே இல்லை. நான் அவர் கடை முன்னால் நின்றேன். “எப்ப வந்த பிள்ள?” என்றார். “நேத்து வந்தேன் மாமி” என்றேன். அன்று அந்தக் கூட்டத்தில் நின்ற முகங்களில் என் முகமும் அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று பார்த்தேன். அவர் ஈ விரட்டிக்கொண்டே நெத்திலியை அள்ளித் தராசில் போட்டார். அரைக் கிலோவுக்கு மேலேயே வரும். காசை நீட்டினேன்.

“எடுத்து வையி,” என்றார். “அவ நல்லா இருக்கான்னு நீ கேக்கவே மாட்டியா?”